மெனு திறக்கச் சுணங்கினால் யாரை ஏசுவது?



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளுக்குக் கம்பியூட்டர் வாங்கிக் கொடுத்திருக்கும் பெற்றோரும், வாங்க யோசிக்கும் பெற்றோரும் கடைசி வரை வாசித்தால் நல்லது. காசு மிச்சமாகும். ஒரு பிள்ளையின் மனதும் மிச்சமாகலாம்.

மூன்று கிழமைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை லுஹர் தொழுதுவிட்டு இருக்கும்போது ஒரு கோல் வந்தது. நமுனுகுலைப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து ஒரு தகப்பன். மூத்த மகள் என்னிடம் படித்தவள். இளைய மகள் இப்போது ஏ/எல்.

"டீச்சர், ஒரு யோசன கேக்கணும். சின்னவளுக்குப் பழைய கம்பியூட்டர் ஒண்ணு வாங்கிக் குடுத்தேன். எதத் தொட்டாலும் மெனு வர நேரம் எடுக்குது. டவுன்ல காட்டினேன். இது இனி சரிவராது, புதுசு எடுங்கன்னு சொல்லிட்டாங்க. வீட்டுல சங்கிலிய அடகு வைக்கலாம்னு சொல்றா. வைக்கவா டீச்சர்?"

"சங்கிலி கழுத்திலயே இருக்கட்டும் அண்ணன். வாற ஞாயிறு பெட்டிய மட்டும் தூக்கிட்டு வாங்க. மொனிட்டர் வேணாம், என்ட வீட்டுல இருக்கு" என்றேன்.

போனை வைத்த பிறகு எனக்கு அவருடைய மகளின் நினைவு வரவில்லை. வேறொரு பிள்ளையின் நினைவு வந்தது. அவளுடைய கதையை இதுவரை வெளியில் சொன்னதில்லை. இன்று சொல்கிறேன்.

2011ஆம் ஆண்டு. எங்கள் பாடசாலைக் கம்பியூட்டர் அறையில் வேலை செய்யும் நிலையில் இருந்தவை 12 கம்பியூட்டர்கள். எல்லாம் விண்டோஸ் எக்ஸ்பி. தரம் 10இல் பாடத்தை எடுத்த பிள்ளைகள் 36 பேர். ஒரு கம்பியூட்டருக்கு மூன்று பேர். ஒரு பாடவேளை 40 நிமிடம். அறையைத் திறந்து, யூபிஎஸ் போட்டு, எல்லாம் எழும்பி வரவே 6 நிமிடம். கடைசியில் மூடுவதற்கு 4 நிமிடம். மிச்சம் 30. மூன்றால் பிரித்தால் ஒரு பிள்ளையின் கையில் மவுஸ் இருப்பது 10 நிமிடம். மழைக்காலத்தில் கரண்ட் போனால் அதுவும் இல்லை.

அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு செக்கனைக்கூட வீணாக்கக் கூடாது என்ற வெறி எனக்கு. அப்போதுதான் ஒருவர் எனக்கு ஒரு வேலையைக் காட்டித் தந்தார். விண்டோஸில் ஒரு மெனுவின் மேல் மவுஸை வைத்தால் பக்கத்து மெனு உடனே திறப்பதில்லை. 400 மில்லிசெக்கன், அதாவது ஒரு செக்கனில் பத்தில் நான்கு பங்கு காத்திருந்துதான் திறக்கும். அந்த எண் ரெஜிஸ்ட்ரியில் எழுதியிருக்கிறது. ரன் பெட்டியில் ரெஜிஎடிட் என்று அடித்து, கரண்ட் யூசர், கண்ட்ரோல் பேனல், டெஸ்க்டாப் என்று உள்ளே போனால் மெனு ஷோ டிலே என்று ஒரு வரி இருக்கும். அதில் 400ஐ அழித்து 0 போட்டு, ஒருமுறை லொக் ஓஃப் செய்து வந்தால் மெனுக்கள் கை படும் முன்னே விரியும்.

12 கம்பியூட்டர்களிலும் 0 போட்டேன். ஸ்டார்ட் பட்டனை அழுத்தி மவுஸை மேலே கொண்டுபோனால் பட் பட்டென்று திறந்தது. பழைய பெட்டிக்குப் புது உயிர் வந்த மாதிரி. ஸ்டாஃப் ரூமில் பெருமையாகவும் சொன்னேன்.

அடுத்த கிழமை செயன்முறை வகுப்பு. பெயின்ட் திறக்கச் சொன்னேன். ஸ்டார்ட், ஒல் புரோக்ராம்ஸ், அக்சஸரீஸ், பெயின்ட். நான்கு படி. டவுன் பிள்ளைகள் சிலருக்கு வீட்டில் கம்பியூட்டர் இருந்தது. அவர்கள் திறந்துவிட்டார்கள். மேல் தோட்டத்திலிருந்து தினமும் நடந்து வரும் ஒரு பிள்ளை மட்டும் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருந்தாள். அக்சஸரீஸ் வரை வருவாள். பெயின்டை நோக்கி மவுஸை இழுப்பாள். அந்த மெனு மறைந்து வேறொன்று திறக்கும். மறுபடி ஸ்டார்ட்.

"மெனு ஓடுது டீச்சர்" என்றாள்.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மெனு ஓடல்ல, உங்கட கைதான் ஓடுது. மத்தப் புள்ளைகளுக்கு வருதுதானே, உங்களுக்கு மட்டும் ஏன் வரல்ல? கொஞ்சம் வேகமா யோசிங்க."

பக்கத்திலிருந்த இருவரும் சிரித்தார்கள். அவள் மவுஸைப் பக்கத்துப் பிள்ளைக்கு நகர்த்திவிட்டு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு வந்த வகுப்புகளில் அவளுடைய பத்து நிமிடத்தை மற்ற இருவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். நான் பார்த்தேன். கேட்கவில்லை. விருப்பமில்லாத பிள்ளை என்று எனக்குள் ஒரு முடிவு எடுத்து வைத்திருந்தேன்.

இரண்டு மாதம் போனது. ஒரு மழை நாளில் பாடசாலைப் படிக்கட்டில் சறுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. புள்ளிப் பட்டியல் அவசரம். இடது கையால் மவுஸைப் பிடித்து ஸ்டார்ட்டை அழுத்தினேன். ஒல் புரோக்ராம்ஸ் வந்தது. அக்சஸரீஸ் வந்தது. பக்கத்து மெனுவுக்குப் போகும்போது கை கொஞ்சம் கீழே சாய்ந்தது. அக்சஸரீஸ் மூடி, அதற்குக் கீழே இருந்த கேம்ஸ் திறந்தது. மறுபடி போனேன். மறுபடி கேம்ஸ்.

மூன்றாவது தடவை நானே வாய்விட்டுச் சொன்னேன், "இது ஓடுதே" என்று. சொன்ன பிறகுதான் அந்தச் சொல்லை முதலில் யாருடைய வாயில் கேட்டேன் என்பது நினைவுக்கு வந்தது. எனக்கு முகம் சுட்டது.

அந்த 400 ஏன் வைத்திருக்கிறார்கள் என்று அதன் பிறகுதான் தேடி வாசித்தேன்.

விஷயம் இதுதான். ஒரு மெனுவிலிருந்து பக்கத்து மெனுவில் கீழே இருக்கும் ஒரு சொல்லுக்குப் போக வேண்டும் என்றால் எந்தக் கையும் சாய்வாகத்தான் போகும். அது இயற்கை. ஆனால் சாய்வாகப் போகும்போது இடையில் கிடக்கும் வேறு வரிகளின் மேல் மவுஸ் உரசிப் போகும். 400 மில்லிசெக்கன் இருந்தால் கம்பியூட்டர் அந்த உரசலைப் பெரிதாக எடுக்காது. போய்ச் சேர நேரம் கிடைக்கும். 0 போட்டால் உரசிய வரியே திறந்துவிடும். பழகிய கை இதைத் தெரியாமலே சமாளிக்கும், முதலில் நேராகப் பக்கத்துக்குப் போய், அங்கே சேர்ந்த பிறகு கீழே இறங்கும். பழகாத கைக்கு அந்த வழி தெரியாது. போதாததற்கு அந்தப் பிள்ளை 'அக்சஸரீஸ்' என்பதை எழுத்துக் கூட்டித்தான் வாசித்தாள். வாசித்து முடியும் முன்னே மெனு மாறிவிட்டது.

ஆப்பிள் நிறுவனம் மெக்கின்டோஷில் இதே பிரச்சினைக்கு வேறு வழி கண்டது. மவுஸ் பக்கத்து மெனுவை நோக்கிச் சாய்வாகப் போகிறதா என்று பார்த்து, அந்த முக்கோணப் பாதைக்குள் இருக்கும்வரை மெனுவைத் திறந்தே வைப்பது. அங்கே வேலை செய்த புரூஸ் டொக்னாசினி என்பவர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். விண்டோஸ் சுலபமான வழியை எடுத்தது: எல்லோருக்கும் பொதுவாக ஒரு சிறு சுணக்கம். லினக்ஸில் பல மென்பொருள்கள் பயன்படுத்தும் ஜிடிகே மெனுக்களிலும் இப்படி ஓர் எண் இருந்தது, 225 மில்லிசெக்கன். அதையும் 0 ஆக்கிப் பெருமைப்பட்டவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். நான் தனி ஆள் இல்லை.

நம்மூர்க்காரருக்கு இதை விளக்க ஓர் உதாரணம் இருக்கிறது. தெமோதரை. 1924இல் பதுளை வரை வந்து சேர்ந்த ரயில் பாதையில், தெமோதரை ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கம் போகிறது. ரயில் ஸ்டேஷனை விட்டுப் புறப்பட்டு மலையைச் சுற்றி வந்து அதே ஸ்டேஷனுக்குக் கீழே நுழைகிறது. ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றியதைப் பார்த்துத்தான் இஞ்சினியருக்கு இந்த யோசனை வந்தது என்று கதையும் சொல்வார்கள். முதல் தடவை வருபவர் கேட்பார், ஏன் இப்படி வீணாகச் சுற்ற வேண்டும், நேரே இறக்கினால் என்ன என்று. நேரே இறக்கினால் ரயில் தாங்காது. சரிவைத் தாங்கக்கூடியதாக ஆக்கத்தான் அந்தச் சுற்று. அந்தச் சுணக்கம் டிரைவரின் சோம்பல் இல்லை.

நான் அந்தச் சுற்றை வெட்டி எறிந்துவிட்டு, தடம் புரண்டதற்குப் பிள்ளையை ஏசியிருக்கிறேன்.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். நான்கு படி மெனுவில் ஒரு தடவைக்கு ஒரு செக்கன் அளவுதான் மிச்சம். பத்து நிமிடத்தில் ஒரு பிள்ளை இருபது தடவை திறந்தாலும் இருபது செக்கன். நிமிடம் நிமிடமாகத் தின்றது கம்பியூட்டர் எழும்பும் அந்த ஆறு நிமிடம். அதை நான் தொடவே இல்லை.

அடுத்த நாளே பிள்ளைகளின் கம்பியூட்டர்களில் 400ஐத் திருப்பிப் போட்டேன். என்னுடையதில் மட்டும் 100. அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் முன்னால் சொன்னேன்: "அண்டைக்கு மெனு ஓடினது உண்மை. ஓட வச்சது நான். உங்கட கையில பிழை இல்ல. என்ன மன்னிச்சிக்கோங்க மகள்."

அவள் குனிந்தபடி "பரவால்ல டீச்சர்" என்றாள். அன்று மவுஸைப் பிடித்தாள், பெயின்டைத் திறந்தாள். ஆனாலும் ஒவ்வொரு தடவை அழுத்தும் முன்பும் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள். ஓ/எல் முடியும்வரை அந்தப் பார்வை மாறவில்லை. ரெஜிஸ்ட்ரியில் போட்ட எண்ணை ஒரு நிமிடத்தில் மாற்றலாம். பிள்ளையிடம் சொன்ன வார்த்தையை அப்படி மாற்ற முடியாது. அல்லாஹ் என்னை மன்னிக்க வேண்டும்.

சரி, இனி நமுனுகுலை அண்ணனின் பெட்டி.

சொன்னபடி ஞாயிறு காலை மகளையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்துவிட்டார். பெட்டியை உரப் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார். பொருத்தி எழுப்பினோம். விண்டோஸ் 10. டெஸ்க்டொப் வரவே நான்கு நிமிடம். ஸ்டார்ட் மெனு முதல் தடவை திறக்க 9 செக்கன். மூடிவிட்டு உடனே மறுபடி திறந்தேன், ஒரு செக்கன்தான். டெஸ்க்டொப்பில் ரைட் கிளிக் செய்தேன், 12 செக்கன்.

அந்தப் பிள்ளை மெதுவாகச் சொன்னாள், "மெனு வரலன்னா நான் அஞ்சாறு தடவ அழுத்துவேன் டீச்சர். அப்பறம் அஞ்சாறும் ஒண்ணா தொறக்கும். நீதான் அவசரப்பட்டு பழுதாக்குறன்னு அப்பா ஏசுவாங்க."

தகப்பன் வேறு பக்கம் பார்த்தார். நான் அவரைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அந்த உரிமை இல்லை.

400 மில்லிசெக்கன் சுணக்கத்தோடு 9 செக்கனைச் சேர்த்துப் பார்க்கவே கூடாது. முதலாவது வேண்டுமென்றே வைத்தது. இரண்டாவது இயலாமையில் வருவது. ஜேக்கப் நீல்சன் என்ற ஆய்வாளர் 1993இல் எழுதிய அளவுகள் இன்றும் பொருந்தும்: 0.1 செக்கனுக்குள் வந்தால் உடனே வந்த மாதிரி இருக்கும், 1 செக்கன் வரை சுணக்கம் தெரியும் ஆனால் யோசனை அறுபடாது, 10 செக்கன் போனால் கவனம் வேறெங்கோ போய்விடும். 9 செக்கன் மெனுவோடு படிக்கும் பிள்ளை ஒவ்வொரு தடவையும் அந்த விளிம்பில் நிற்கிறாள். அதில் ஐந்தாறு தடவை அழுத்தினால் அவசரக்காரி ஆகிவிடுவாளா?

அன்று நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் செய்து பார்க்கலாம்.

1. இரண்டு தடவை திறந்து பாருங்கள். முதல் தடவை சுணங்கி, இரண்டாவது தடவை உடனே வந்தால் கோளாறு பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்கின் வேகத்தில். மெனுவில் உள்ள ஒவ்வொரு சிறு படத்தையும் டிஸ்க்கில் தேடி எடுக்க வேண்டும். சாதாரண ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 7200 தடவை சுற்றும், ஒரு சுற்றுக்கு 8 மில்லிசெக்கனுக்கு மேல். ஊசி நகரும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு சிறு கோப்புக்கு 10 மில்லிசெக்கன் அளவு. இருநூறு கோப்பு என்றால் அதுவே 2 செக்கன். இரண்டாவது தடவை அவை ரேமில் இருப்பதால் உடனே வருகிறது.

2. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மெனேஜர் வரும். டிஸ்க் என்ற இடத்தில் 100 வீதம் காட்டிக்கொண்டே நின்றால் யாரோ பின்னால் டிஸ்க்கைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். இந்தப் பெட்டியில் இலவச அன்டிவைரஸ் இரண்டு ஒன்றோடொன்று போட்டி போட்டன. இரண்டையும் கழற்றினோம். விண்டோஸில் உள்ள டிஃபென்டரே போதும்.

3. அதே டாஸ்க் மெனேஜரில் ஸ்டார்ட்டப் பக்கத்தில், கம்பியூட்டர் எழும்பும்போது கூடவே எழும்பும் புரோக்ராம்களின் பட்டியல் இருக்கும். தேவையில்லாதவற்றை டிஸேபிள் செய்யுங்கள். நாங்கள் எட்டை நிறுத்தினோம்.

4. ரைட் கிளிக் மெனு மட்டும் சுணங்கினால் காரணம் வேறு. நாம் போடும் பல புரோக்ராம்கள் அந்த மெனுவில் தங்கள் வரியையும் சேர்த்துவிடும். மெனு திறக்கும் முன் ஒவ்வொன்றையும் கேட்டுவர வேண்டும். பயன்படுத்தாத புரோக்ராம்களை அன்இன்ஸ்டோல் செய்தால் சரியாகும்.

5. ரன் பெட்டியில் சிஸ்டிஎம் புள்ளி சிபிஎல் என்று ஆங்கிலத்தில் அடித்து, அட்வான்ஸ்ட், பெர்ஃபோமன்ஸ், செட்டிங்ஸ் என்று போனால் மெனு மெல்ல மங்கி விரியும் அலங்காரங்களை நிறுத்தலாம். இதில் ஆபத்து இல்லை. ரெஜிஸ்ட்ரியில் கை வைப்பதாக இருந்தால் முதலில் எக்ஸ்போர்ட் செய்து ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். 400ஐ 200 அல்லது 100 ஆக்கலாம். 0 வேண்டாம். விண்டோஸ் 10, 11இன் ஸ்டார்ட் மெனு வேறு விதமாகக் கட்டப்பட்டது, இந்த எண் அதை மாற்றாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு ஸ்டார்ட் மெனு 3 செக்கனுக்கு வந்தது. பிறகு என் பழைய மாணவர் ஒருவர் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி 120 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று போட்டுத் தந்தார். அதில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் ஊசியும் இல்லை. புதுக் கம்பியூட்டர் விலையில் ஒரு சிறு பங்குதான் செலவு. இப்போது முக்கால் நிமிடத்துக்குள் எழும்புகிறது. மெனு தொட்டவுடன் வருகிறது.

இன்னொன்று. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட் சாதாரணமாக நின்றுவிட்டது. பல பழைய பெட்டிகள் விண்டோஸ் 11ஐ ஏற்காது. அதற்காக எறிந்துவிடாதீர்கள். லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஈ பதிப்பு இலவசம், 2 ஜிபி ரேம் உள்ள பெட்டியிலும் ஓடும், 4 ஜிபி இருந்தால் நன்றாக ஓடும். கட்டுரை எழுதவும் கணக்குத் தாள் போடவும் லிப்ரே ஒஃபிஸ் அதிலேயே இருக்கிறது.

அந்தப் பிள்ளை புறப்படும்போது ஸ்டார்ட் மெனுவை ஐந்தாறு தடவை சும்மா திறந்து மூடிப் பார்த்தாள். தகப்பன் "போதும்டி, தேஞ்சிடப் போகுது" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பெட்டியைத் திரும்ப உரப் பையில் சுற்றும்போது, "அப்ப நீ சொன்னது சரிதான்" என்று அவளிடம் மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது.

என்னோடு வேலை செய்யும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் நான் சொல்ல வருவது இவ்வளவுதான். சுணக்கம் இரண்டு வகை. யாரோ யோசித்து வைத்த சுணக்கம் ஒன்று. எங்கோ ஏதோ நெரிபட்டு வரும் சுணக்கம் ஒன்று. எது என்று பார்க்காமல் வெட்டவும் கூடாது, காசைக் கொட்டவும் கூடாது. பிள்ளை சுணங்கினாலும் அப்படியே. "ஓடுது" என்று ஒரு பிள்ளை சொன்னால் அந்தக் கதிரையில் ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள், முடிந்தால் இடது கையால்.

வீட்டு மூலையில் துணி போர்த்திக் கிடக்கும் பழைய கம்பியூட்டர் யாரிடமாவது இருந்தால் பழைய இரும்புக்குக் கொடுக்கும் முன் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். திருத்தி, தேவையான ஒரு பிள்ளையின் வீட்டுக்கு அனுப்பலாம், இன்ஷா அல்லாஹ். திருத்துவதற்கு என் பழைய மாணவர்கள் சிலர் தயாராக இருக்கிறார்கள்.

துஆவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.